வழி பார்க்கப் போன நாலு பேர்

அநியாயம் செய்யப்பட்டவள் நான். பெயர் மதியரசி, எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. செய்யப்பட்ட அநியாயம் இதுதான்: பட்டுக்கோட்டையிலிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரை சைக்கிளில் போவது என்று திட்டம் போட்டது நான், வரைபடத்தை விரித்து வழி குறித்தது நான், உதவித்தொகையை மிச்சம் பிடித்துச் சைக்கிள் வாங்கியதும் நான். போய்விட்டு வந்தது என் அத்தை மகன்கள் நாலு பேர்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. நியாயம் பேசுகிறவர். எங்கள் வீட்டுப் பிரச்சினையே அதுதான்.

"போகாதேன்னு நான் சொல்லலம்மா," என்றார். "நீயும் உன் தோழி ரெஜினாவும் மட்டும் போறீங்க. வழியில யார் யாரு எதிர்ப்படுவாங்களோ, எப்படிப்பட்டவங்களோ. முதல்ல பயலுவ நாலு பேரும் போய்ப் பார்த்துட்டு வரட்டும். ஆபத்து ஒண்ணுமில்லன்னு வந்து சொன்னா அடுத்த வாரமே நீ கிளம்பு."

எனக்குக் காய்ச்சலா என்று பார்க்க அவர்கள் வாயில் தெர்மாமீட்டர் வைப்பது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"ஒரு வாய்க்கு நாலு வாயில வச்சுப் பார்த்தா நல்லதுதானே?" என்றார் அப்பா.

அந்த நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவர் வைரக்கண்ணு அத்தான், தலைவர். என் சைக்கிளை ஓட்டியது அவர் என்பதால் தலைவர். அடுத்தவர் நாடிமுத்து. எதைச் செய்தாலும் அது குற்றமாகுமா என்று முதலில் பார்ப்பவர். மூன்றாமவர் சின்னையன். யார் என்ன சொன்னாலும் "அதானே" என்பார். கடைசி உத்திராபதி. இவர்தான் குடும்பத்தின் மூளை என்று, வேறு எதிலும் ஒத்துப்போகாத என் இரண்டு அத்தைகளும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அப்பா வாசலில் நின்று சொன்னார்: "முன்பின் தெரியாதவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசப்படாது. யார் எதைக் குடுத்தாலும் வாங்கித் திங்கப்படாது. ரோட்டோரமா வெள்ளைக் கோடு போட்டிருப்பான். அதை விட்டு இறங்கப்படாது."

"சரிங்க மாமா," என்றார்கள் நாலு பேரும். அவர்கள் சரி என்றால் சரிதான். அதுதான் ஆபத்து.

இனி நான் சொல்வதெல்லாம் திரும்பி வந்தபின் அவர்களே கூடத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னது. நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தேவையும் இருக்கவில்லை.

மீமிசலுக்கு முன்னால் ஒரு இடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பக்கத்தில் ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நாலு பேரும் சைக்கிளை நிறுத்தினார்கள்.

"வழி கேட்டா பேசின மாதிரி ஆயிடும்," என்றார் நாடிமுத்து.

"அதானே," என்றார் சின்னையன்.

"தெரியாதவங்ககிட்டத்தானே பேசக் கூடாது? தெரிஞ்சவங்ககிட்டப் பேசலாமுல்ல?" என்றார் வைரக்கண்ணு.

"இவரைத் தெரியாதேண்ணே."

"தெரிஞ்சுக்கிட்டாப் போச்சு."

"பேசாம எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ஆடுகள் சாலையைத் தாண்டிப் போய், மேய்ந்து, திரும்பி வருகிற வரைக்கும் நாலு பேரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு உத்திராபதி கேட்டார்: "நம்ம தெரு போஸ்ட்மேனை நமக்கு எப்படித் தெரியும்?"

"தினம் பார்க்கறோம்."

"முதல் தடவை பார்த்தப்ப?"

"அப்பத் தெரியாது."

"ரெண்டாந்தடவை?"

"ரெண்டாந்தடவை... ஏற்கெனவே பார்த்த ஆளு."

"அவ்வளவுதான் விஷயம்," என்றார் குடும்பத்தின் மூளை.

ஆகவே நாலு பேரும் அந்த ஆட்டுக்காரரை ஒரு வார்த்தை பேசாமல், முகம் மறந்துவிடாதபடி உற்றுப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனார்கள். அவர் கண்ணுக்கு மறைகிற தூரம் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தார்கள்.

"என்னண்ணே, சௌக்கியமா? பார்த்து எவ்வளவு நேரமாச்சு! போன தடவைக்கு இப்ப இளைச்சுத் தெரியறீங்களே!"

அவர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றார். "யாருப்பா நீங்க?"

வைரக்கண்ணு அத்தானுக்கு மனசு விட்டுப்போயிற்று. "மறந்துட்டீங்களே அண்ணே. அந்தப் புளியமரத்தடியில பார்த்தோமே. வெத்திலை போட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவரும் நம் பக்கத்து மனிதர்தானே. தெரியவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சம். "ஆமா ஆமா... வெயிலு கண்ணைக் கட்டுதுப்பா. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காகளா? அப்பா நடமாடுறாரா?" என்று விசாரித்து, வழியும் சொல்லி அனுப்பினார். அவர்கள் போனபிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உட்கார்ந்து ஆடுகளை எண்ண ஆரம்பித்தார் என்று சின்னையன் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

அதிலிருந்து அந்த முறையை அவர்கள் விடவில்லை. வலை பின்னுகிறவர், நுங்கு விற்கிற அம்மா, உப்பு லாரி டிரைவர் என்று வழியில் கண்ட ஒவ்வொருவரையும் முறைத்துக்கொண்டே தாண்டிப் போவார்கள், திரும்பி வந்து குசலம் விசாரிப்பார்கள், பிறகு மறுபடி முன்னால் போவார்கள். நான் குறித்துக் கொடுத்த வழியை இப்படி மும்மடங்காக ஆக்கிவிட்டு, வரைபடத்தில் தூரத்தை நான் தப்பாகப் போட்டிருப்பதாக என்னிடமே குறை சொன்னார்கள்.

தொண்டியில் சாப்பாட்டுக் கடை. முதலில் கடைக்காரம்மாவை ஒரு தடவை முறைத்துப் பார்த்துவிட்டுப் போய், திரும்பி வந்து, "எப்படிக்கா இருக்கீங்க?" என்று உட்கார்ந்தார்கள். அந்த அம்மா இலையில் இட்லியை வைத்தார். வைரக்கண்ணு அதை எடுத்து அந்த அம்மாவின் இட்லித் தட்டிலேயே திருப்பி வைத்தார். பிறகு அதே இட்லியைத் தானே எடுத்து இலையில் வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, இட்லிக்கு ஊர் சுத்திக் காட்டுறீகளா?"

"நீங்க குடுத்தா நாங்க திங்கப்படாதுக்கா. நாங்களா எடுத்தாத்தான்."

"சரி, எடுத்துக்கங்க. குடுக்கல நான்."

நாடிமுத்து கையை இழுத்துக்கொண்டார். "குடுக்கலைன்னு சொன்ன பொருளை எடுத்தா அது திருட்டு இல்லையா?"

"அதானே," என்றார் சின்னையன்.

"அப்ப குடுக்கறேன், எடுத்துக்க!"

"பார்த்தீங்களா, மறுபடியும் குடுக்கறேங்கறீங்க!"

அந்த அம்மா கடைசியில், "நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன், என்னத்தையாச்சும் பண்ணித் தொலைங்க," என்று அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் இட்லிப் பானை காலி. காசைப் பானைக்குள்ளேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், கையில் கொடுத்தால் பேச்சு வளரும் என்று.

சாயல்குடி தாண்டியதும் புதுசாகத் தார் போட்ட சாலை. வெள்ளைக் கோடு திடீரென்று நின்றுவிட்டது. கோடு நின்ற இடத்தில் அவர்களும் நின்றார்கள்.

"இறங்கப்படாதுன்னாரு மாமா," என்றார் நாடிமுத்து.

"நாம எங்க இறங்கினோம்? கோடுதானே நின்னுபோச்சு," என்றார் வைரக்கண்ணு.

"கோடு போடறவன் வருவான். காத்திருப்போம்."

அவன் வரவில்லை. கோலமாவு விற்கிற அம்மா ஒருவர்தான் தள்ளுவண்டியோடு வந்தார். வழக்கம்போல அவரையும் முறைத்து, போய், திரும்பி, நலம் விசாரித்து, ஒரு மூட்டை மாவு வாங்கினார்கள். உத்திராபதி சைக்கிளைத் தள்ளியபடி முன்னால் நடந்து மாவைத் தூவிக்கொண்டே போக, மற்ற மூன்று பேரும் அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். வெயில் ஏற ஏறக் கோடு மரநிழல் பக்கம் சாய்ந்தது. ஒரு ஊரில் குளத்தங்கரையைச் சுற்றியது. தாகம் எடுத்தபோது கோடு அடிபம்பு வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு வீட்டுக் கொல்லை வழியாகப் புகுந்து வாசல் வழியாக வெளியே வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். பாவம்.

வேம்பாரில் ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பிமாரே, பார்த்துச் சூதானமாப் போங்க. முன்பின் தெரியாத நாலு பேரு இந்தப் பக்கம் திரியிறானுவளாம். சைக்கிள்ல வாரானுவ. முறைச்சுப் பார்த்துக்கிட்டே போவானுவளாம். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பி வந்து, தெரிஞ்சவன் மாதிரி சிரிச்சு, வீட்டு ஆளுகளையெல்லாம் விசாரிப்பானுவளாம். ஒரு கடையில அந்த அம்மாவைத் திரும்பி நிக்க வச்சுட்டுப் பானையோட இட்லியை அள்ளிட்டானுவ. அங்கிட்டு ஒரு ஊருல வீட்டுக்குள்ள புகுந்து மந்திரிச்ச பொடியைத் தூவி ஆளுகளைத் தூங்க வச்சிருக்கானுவ. ஒவ்வொருத்தனும் ஆறடி உசரமாம்."

நாலு பேரும் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். மாமா பயந்தது சரியாகப் போயிற்றே! மதியும் அந்த ரெஜினாப் பிள்ளையும் தனியாக வரும்போது அந்த நாலு பேரும் எதிரே வந்தால்?

"அவங்களைப் பிடிக்காம நாம ஊர் திரும்பக் கூடாது," என்றார் வைரக்கண்ணு.

தேடினார்கள். உண்மையாகத் தேடினார்கள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஊர் ஊராக நின்று, "நாலு பேர் வந்தாங்களா?" என்று கேட்டார்கள். கேட்பதற்கு முன்னால் ஒருமுறை தாண்டிப் போய்த் திரும்பத் தவறவில்லை. முன்னால் போனால், அந்த நாலு பேரும் பின்னால் உள்ள ஊரில் தென்பட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பின்னால் வந்தால், இப்போதுதான் முன்னால் போனார்கள் என்றார்கள்.

ஒரு ஊரில் மீன் கூடை வைத்திருந்த அக்கா மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாராம்: "ஏலே, அவனுவளும் நாலு பேரு, நீங்களும் நாலு பேரா இருக்கியளே?"

"ஆமாக்கா," என்றார் உத்திராபதி. "ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சிடலாம்."

கன்னியாகுமரி வரை போய், கடல் வந்துவிட்டதால் திரும்பினார்கள். இதையெல்லாம் கூடத்தில் சொல்லி முடித்துவிட்டு வைரக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சிடுங்க மாமா. கடைசி வரைக்கும் அவங்க கண்ணுலயே படல. மதி போறது ஆபத்து."

நான் பேசினேன். பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய நாளில்கூட அப்படிப் பேசியதில்லை. முறைத்தது யார், திரும்பி வந்தது யார், இட்லி யார் வயிற்றில், கோலமாவு யார் சட்டையில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்மாகூடச் சமையலறையிலிருந்து, "அவ சொல்றது சரிங்க," என்றாள். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நியாயம் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"விஷயம் ரொம்பச் சுருக்கம்," என்றார். "அந்த நாலு பேரு இவனுங்கதான்னா, இவனுங்க இப்ப இங்க இருக்கானுங்க. வழி சுத்தம். நீ நாளைக்கே கிளம்பு. இவனுங்க இல்லைன்னா, அவனுங்க இன்னும் அங்கதான் திரியறானுங்க. நீ போகக் கூடாது. சரிதானே?"

சரிதான். ரெஜினாவுக்குப் போன் போட்டு, பையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருக்கச் சொன்னேன்.

அப்பா அவர்கள் பக்கம் திரும்பினார். "டேய், மறைக்காம சொல்லுங்க. அந்த நாலு பேரு நீங்கதானா?"

அவர்கள் பதறவில்லை. யோசித்துச் சொல்ல அவகாசம் கேட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடிமுத்து ஏதோ ஆட்சேபித்தார். சின்னையன் "அதானே" என்றார். வைரக்கண்ணு எதிர்ப்பக்கம் வாதாடினார். சின்னையன் அதற்கும் "அதானே" என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அவர்களுக்கு உண்மை எட்டப்போகிறது என்று நினைத்து, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக்கூடக் கும்பிட்டேன்.

உத்திராபதிதான் வந்து பதில் சொன்னார்.

"நல்லா விசாரிச்சுட்டோம் மாமா. அது நாங்க இல்ல. போன இடத்துல எல்லாரும் 'முன்பின் தெரியாத நாலு பேரு'ன்னுதான் சொன்னாங்க. எங்களை எங்களுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தெரியுமே."