தங்க வண்டிக்கு அனுமதி இல்லை

வெண்ணாவல் நாட்டில் வில்லவராயன் என்று ஒரு ராஜா இருந்தார். ராஜா ஒரு சட்டம் போட்டார்: வேற்றுநாட்டு முத்திரை உள்ள வண்டி ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் அது அரண்மனைக்குச் சொந்தம். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கென்றே உடையப்பன் என்று ஒரு சுங்க மணியக்காரனும் இருந்தான். ஏழைகளின் வண்டியைக் குனிந்து பார்ப்பான். பெரிய மனிதர் வண்டி வந்தால் வானத்தைப் பார்ப்பான். இந்த ரக ஆளிடம் ஒரு தடவை மாட்டியவன் ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டான்.

எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடம்பநாடு. பூவலிங்கம் என்ற உப்பு வியாபாரிக்கு இரண்டு பக்கமும் வீடு. இந்தக் கரையை விட்டு வரமாட்டேன் என்றாள் அம்மா. அந்தக் கரையை விட்டு வரமாட்டேன் என்றாள் பெண்டாட்டி. அவன் என்ன செய்வான்? சித்திரை முதல் ஆறு மாதம் இங்கே, ஐப்பசி முதல் ஆறு மாதம் அங்கே. வண்டி மாமனார் கொடுத்தது. அதன் ஏர்க்காலில் கடம்பநாட்டு மயில் முத்திரை சுட்டிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி முதல் தேதி ஆற்றில் வெள்ளம். ஒன்பது நாள் வண்டியை இறக்க முடியவில்லை. பத்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. உடையப்பன் துறையில் நின்றான்.

"ஏய்யா, ஆறு மாதத்துக்கு மேலே ஒன்பது நாள். வண்டி அரண்மனைக்கு."

"வெள்ளம் ஐயா! நான் எப்படிப் போவேன்?"

"வெள்ளத்தைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை. இந்த நாட்டு முத்திரைக்கு மாற்றியிருக்க வேண்டியதுதானே?"

"மாற்றினால் அக்கரையில் இது வேற்றுநாட்டு வண்டி ஆகிவிடுமே! அங்கேயும் உங்களைப் போல ஒருத்தர் நிற்கிறாரே!"

உடையப்பன் மாட்டை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பூவலிங்கம் அரசவை விகடகவி அணைஞ்சானின் வீட்டு வாசலில் போய் விழுந்தான். "சாமி, வண்டி போனால் எனக்கு ஒரு வீடுதான் மிஞ்சும். எந்த வீடு என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு என் அம்மாவிடமும் பெண்டாட்டியிடமும் நீங்களே பேசுங்கள்."

"அது மட்டும் என்னால் ஆகாதப்பா. ராஜாவிடம் பேசுவது அதைவிடச் சுலபம்" என்றான் அணைஞ்சான்.

மறுநாள் சபை கூடியது; உடையப்பனும் பூவலிங்கமும் வந்திருந்தார்கள். அணைஞ்சான் எழுந்தான்.

"மணியக்காரரே, துறையில் நட்டிருக்கிற கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? உங்கள் வாசகம்தானே? ராஜா காது குளிரப் படியுங்கள்."

உடையப்பன் நெஞ்சை நிமிர்த்தி ஓலைப்படியைப் படித்தான். "வேற்றுநாட்டு முத்திரையுடன் ஆறு மாதத்துக்கு மேல் தங்க வண்டிக்கு அனுமதி இல்லை!"

"அருமை. பூவலிங்கம், உன் வண்டி எதில் செய்தது?"

"வேல மரம், சாமி."

"தங்கம் ஏதாவது?"

"அச்சாணிகூடத் துருப்பிடித்தது, சாமி."

"பிறகென்ன! தங்க வண்டிக்குத்தானே அனுமதி இல்லை? மர வண்டியை ஏன் பிடித்தீர்?"

சபையில் சிரிப்பு. உடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அரசே, தங்க என்றால் தங்குவதற்கு! பொன் இல்லை! குழந்தைக்குக்கூடத் தெரியும்!"

ராஜாவும் சிரித்தார். ஆனாலும் தலையை ஆட்டினார். "விளையாட்டு போதும், அணைஞ்சா. தங்குவதற்கு என்றுதான் நான் சொன்னது. மணியக்காரன் சொல்வதே சரி. வண்டி நம்முடையது."

அணைஞ்சான் பணிவாகக் கும்பிட்டான்.

"உத்தரவு, அரசே. அப்படியானால் இன்னொரு வண்டியையும் பிடிக்க வேண்டும். அதிலும் மயில் முத்திரை. இங்கே வந்து மூன்று வருஷமாகத் தங்கியிருக்கிறது."

"மூன்று வருஷமா!" உடையப்பன் துள்ளினான். "எவன் அந்தத் திருடன்? ஆளைக் காட்டும், இப்போதே கட்டி இழுத்து வருகிறேன்!"

"அவன் இல்லை, மணியக்காரரே; ஒரு அம்மா. மகாராணி கடம்பநாட்டிலிருந்து கல்யாணச் சீராகக் கொண்டுவந்த தேர். தினமும் கோயிலுக்குப் போகிறதே, அது."

ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"அணைஞ்சா... யோசித்துப் பார்த்தால் நீ முதலில் சொன்னதுதான் சரி. தங்கம் என்றால் பொன்தான்."

"அரசே, அந்தத் தேருக்கு மேலிருந்து கீழ்வரை தங்கத் தகடு. தங்குவது என்று படித்தால் இரண்டு வண்டி மாட்டும். பொன் என்று படித்தால் தேர் மட்டும் மாட்டும்."

ராஜா தாடியை இழுத்தார். பிறகு மெல்லத் திரும்பினார். "உடையப்பா, சட்டம் உன் வாசகம்தானே? அந்தப்புரம் போய் மகாராணியிடம் அந்தக் கல்லில் உள்ளதைச் சொல்லி, தேரை வாங்கி வா."

உடையப்பன் கையிலிருந்த ஓலையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தான். கிட்டத்தில் பிடித்துப் பார்த்தான். "அரசே, எழுத்து... சரியாகத் தெரியவில்லை. கல்லிலும் தேய்ந்துபோயிருக்கிறது."

"போன தையில் வெட்டிய கல்லா?"

"வெள்ளத்தில், அரசே. ரொம்பப் பெரிய வெள்ளம்!"

"அப்படியா! வண்டியை இறக்க முடியாத அளவுக்கா?" என்றான் அணைஞ்சான்.

"ஆமாம், ஆமாம்! யானைகூட இறங்க முடியாது!" என்றான் உடையப்பன், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதே தெரியாமல்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. வண்டியை அப்போதே விடச் சொன்னார். இரண்டு கரையிலும் வீடுள்ளவன் ஒரே முத்திரையோடு போய்வரலாம் என்றார். அணைஞ்சானுக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். உடையப்பனுக்கு, பழைய கல்லைத் தன் தோளிலேயே சுமந்து அப்புறப்படுத்தும் வேலை கிடைத்தது.

வெளியே வந்து மாட்டைப் பூட்டும்போது பூவலிங்கத்துக்கு ஒரு சந்தேகம்.

"சாமி, புதுக் கல்லை எப்போது வெட்டுவார்கள்? ராஜாதான் சொல்லிவிட்டாரே."

"ராஜா சொல்லிவிட்டார், அப்பா" என்றான் அணைஞ்சான். "ராணியும் சொல்லட்டும், வெட்டுவார்கள்."