நைந்துபோன அஸரியாவைப் புதைத்தது

மிளகு வியாபாரி சசூன் சொன்ன இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. இத்தனை மடையர்கள் ஒரே ஊரில் சேர்வார்களா என்பதுதான் என் குழப்பம்.

உப்பங்கரை என்ற ஊரில் பத்து யூத ஆண்கள் இருந்தார்கள். பத்துப் பேர் கூடினால்தான் ஆலயத்தில் ஜெபம். ஒருவர் குறைந்தால் கதவைப் பூட்டிவிட வேண்டியதுதான். எபிரேயம் எங்கள் உயிர் என்று ஒன்பது பேர் மார்தட்டுவார்கள். தட்டிய நேரத்தில் பாதியைச் செலவழித்திருந்தால் நாலு எழுத்தாவது படித்திருக்கலாம். படிக்கத் தெரிந்தவர் கிழவர் அஸரியா மட்டும். வேதம் முழுக்க அவருக்கு மனப்பாடம். சனிக்கிழமை அதை ஓதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

எபிரேய எழுத்துள்ள ஏடு நைந்துபோனால் எறியக்கூடாது, மனிதரைப் போல மரியாதையாகப் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒருநாள் ஓதும்போது அஸரியாவுக்கு இருமல் வந்தது. வசனம் பாதியில் அறுந்தது.

"புஸ்தகம் நைஞ்சுபோச்சு," என்றார் தலைவர் பினகாஸ்.

"எந்தப் புஸ்தகம்?" என்றார் எலியா.

"இவர்தான்யா. வேதம் பூரா இவருக்குள்ளதானே இருக்கு?"

எல்லோரும் துக்கத்தோடு தலையாட்டினார்கள்.

"அடப்பாவிகளா, எனக்கு வெறும் சளி!" என்று அலறினார் அஸரியா.

"மரியாதைக்குக் குறைவு வராது, பெரியவரே. பட்டுத் துணியிலதான் சுத்துவோம்."

குழிக்குள் இறக்கிவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். மேலே ஒன்பது பேர்தான்.

"பத்துப் பேர் இல்லாம அடக்க ஜெபம் எப்படிச் சொல்றது?" என்றார் எலியா.

"அதுவும் சரிதான். அவரை மேல ஏத்துங்க."

ஏற்றினார்கள். அந்த ஜெபமும் அவருக்கு மட்டும்தான் தெரியும். தன் அடக்க ஜெபத்தைத் தானே சொன்னார், முடிந்தவரை மெதுவாக. ஒன்பது பேரும் தேம்பி அழுது, ஆமென் சொல்லி, கண்ணீர் கண்ணை மறைத்ததில் வெறும் குழியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சனிக்கிழமை அஸரியா ஆலய வாசலில் நின்றார். "என்னையும் எண்ணுங்கப்பா."

"புதைச்சவரை எண்ண முறையில்லை," என்று பினகாஸ் கதவைப் பூட்டினார். அஸரியா அன்று பட்டினி.

அடுத்த சனிக்கிழமை அங்கியை உள்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். "அக்கரையூர்லேர்ந்து வர்றேன். பேரு யோசேப்பு."

ஒன்பது பேரும் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அவர் வயிறு நிறைய ஓதினார். வெளியே வரும்போது பினகாஸ் எலியாவிடம் முணுமுணுத்தார்: "பரவாயில்லாம ஓதுறான். ஆனா நம்ம அஸரியா உச்சரிப்பு இவனுக்கு வருமா?"

சசூன் இதை ஒருதடவைகூடச் சிரிக்காமல்தான் சொல்வார். போன மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்: "கடைசியில் அந்த யோசேப்பு செத்தபோது எங்கே புதைத்தார்கள், அஸரியாவுக்குப் பக்கத்திலா?"