அடுத்து யாரைப் பார்க்கலாம்?

நூற்பாலையை மூடிவிட்டார்கள். வேலை போன மயில்வாகனன் மடத்துக்கு வந்து குருவின் முன் உட்கார்ந்தான். மனைவி கர்ப்பமாக இருந்தாள். மில் மிஷினைத் தவிர அவனுக்கு வேறொன்றும் தெரியாது.

"பால் பண்ணைப் பக்கம் போலாம்னு பாக்குறேன் சாமி. அங்க எனக்கு ஒருத்தரயும் தெரியாது."

"தெரிஞ்சுக்கோ. போனதும் வேலை கேக்காத. அவங்க பாக்குற வேலையப் பத்திக் கேளு. கிளம்புறப்ப, அடுத்து யாரைப் பார்க்கலாம்னு கேளு."

மயில்வாகனன் கெட்டிக்காரன், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டான். பண்ணை மேலாளர் தணிகாசலம் மாட்டு டாக்டரைக் கைகாட்டினார். டாக்டர் தீவன ஆலைக்காரரை. அவர் இன்னொருவரை. மனுஷன் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தான்.

ஒரு பௌர்ணமியன்று மடத்துக்கு வந்தபோது அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்த வட்டாரத்துல எனக்குத் தெரியாத ஆளே இல்ல சாமி. வேலைதான் இன்னும் அமையல."

அன்னதானத்துக்குப் பால் கேனோடு உள்ளே வந்த தணிகாசலம், அவனைக் கண்டதும் கேனைக் கீழே வைத்தார்.

"அட, நீங்களா! டாக்டரப் பாத்தீங்களா இல்லியா? வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு எதிர்பாத்துக்கிட்டே இருந்தேன்."

"பாத்தேங்க. அவரு வேற ஒருத்தரப் பாக்கச் சொன்னாரு..."

"எங்க பண்ணையில பால் குளிர வைக்கிற மிஷினுக்கு ஆள் கேட்டாங்க. மிஷின் தெரிஞ்சவராச்சேன்னு உங்களுக்குன்னுதான் முதலாளிகிட்ட சொல்லி அந்த இடத்த நிறுத்தி வச்சிருந்தேன். நேத்துதான் வேற ஆளப் போட்டுட்டாங்க."

மயில்வாகனனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமேங்க!"

"வேலை கேட்டு வரலன்னீங்க. வீடு எங்கன்னும் சொல்லல. டாக்டரும் போன வாரம் கேட்டாரு, அந்த ஆளு என்ன ஆனாருன்னு."

தணிகாசலம் கேனைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார்.

மயில்வாகனனின் கோபம் குருவின் மேல் திரும்பியது.

"வேலை கேக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

"போச்சே! பொறக்கப்போற குழந்தைக்கு நான் என்ன செய்வேன்? இனி யாரப் போய்ப் பாப்பேன் சாமி?"

குரு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தவங்களப் போய்ப் பாரு."