மஞ்சள் நூல் கட்டிய சரிவு

மலைக்குப் பெயர் இருந்தது; அடிவாரத்து ஊருக்கு இன்னும் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் மலையில் தண்ணீர்விட்டான் கிழங்கு தோண்டுவார்கள். ஊசி ஊசியாய் இலையும் இடையிடையே முள்ளும் உள்ள கொடி அது. மண்ணுக்கடியில் கொத்தாகக் கிழங்கு விடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறாவிட்டால் அதை இடித்துச் சாறெடுத்துக் கொடுப்பார்கள். மிஞ்சியதை உப்பு வண்டிக்காரனிடம் கொடுத்து உப்பும் துணியும் வாங்கிக்கொள்வார்கள்.

அவர்களுக்குள் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கிழங்கு இன்னும் முற்றாத கொடியைக் கண்டவள் அதில் ஒரு மஞ்சள் நூலைக் கட்டிவிட்டு வருவாள். அவளே வந்து அவிழ்க்கும்வரை வேறொருத்தி அதைத் தொடமாட்டாள். காட்டுக்குள் பிரிந்து போனவர்கள் அவ்வப்போது "கூ" என்று குரல் கொடுப்பார்கள். மற்றவர்களும் "கூ" என்பார்கள். யாரும் தொலைந்துபோகவில்லை என்று அதற்குப் பொருள்.

ஒரு வருடம் வண்டிக்காரன், "எவ்வளவு கொண்டாந்தாலும் எடுத்துக்கிறேன்" என்றான். கிழங்கை மட்டும் பறிக்கப் பெண்களுக்குப் பொறுமை இல்லை. மறுபடி தளிர்க்கிற வேர்முடிச்சான தலையோடு கொடியைப் பிடுங்கினார்கள். முதல் சரிவு முடிந்தது. அடுத்த வருடம் இரண்டாம் சரிவுக்குப் போனார்கள். போகிற வழியில் சிலம்பாயி என்பவள் மட்டும் பழைய குழிகளைத் திரும்பிப் பார்த்தாள். மழை பெய்து ஓய்ந்திருந்தது. குழிகளில் தண்ணீர் நின்றது. ஒரு தளிர்கூட இல்லை.

மூன்றாம் வருடம் மூன்றாம் சரிவுக்குப் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் கொடிகளில் மஞ்சள் நூல். கட்டியவள் சிலம்பாயி.

"அம்புட்டும் உனக்கா அக்கா?" என்று கேட்டாள் மூக்காயி. எதையும் முதலில் கேட்டுவிடுகிறவள் அவள்.

"எனக்கில்ல."

"பெறகு யாருக்கு?"

சிலம்பாயி யோசித்தாள். "தெரியல."

"யாருக்குன்னே தெரியாம காவலாம்! இந்த நூலையெல்லாம் சேத்து வச்சிருந்தா உனக்கு ஒரு சேலையாவது ஆகியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

நூலை அறுத்தால் பாவம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கூவியவளுக்குப் பதில் கொடுக்காவிட்டால் என்னவென்று சொல்லி வைக்கவில்லை.

அன்று சிலம்பாயி ஒரு முறை கூவினாள். தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றது. இரண்டாம் முறை கூவினாள். பேச்சு மறுபடி தொடங்கியது. மூன்றாம் முறை கூவினாள். அவள் குரலே பாறையில் பட்டு அவளிடம் வந்தது. அதற்குப் பிறகு அவள் கூவவில்லை.

சரிவின் ஓரத்திலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு மழையிலும் நூல்கள் இற்றுப்போயின. தன் சேலையிலிருந்து இழை உருவி, மஞ்சள் பூசி, திரும்பக் கட்டினாள். முந்தானை குட்டையாகிக்கொண்டே வந்தது. விற்கக் கிழங்கு இல்லாததால் உப்பும் இல்லை. கஞ்சியை அப்படியே குடித்தாள்.

வண்டிக்காரன் அவளைத் தேடி மேலே வந்தான். "நூல் உன்னோடதாமே, அம்மா. அவிழ்த்துவிடு. ஒரு மூட்டை உப்பு இறக்கிட்டுப் போறேன்" என்றான். ஒரு கல் உப்பை அவள் கையில் வைத்தான்.

அவள் அதைப் பார்த்தாள். "தலைய மண்ணுல விட்டுட்டு, கொஞ்சம் கிழங்கு தாரேன்."

"கொஞ்சத்துக்கா நான் மாட்டை ஓட்டிக்கிட்டு வருவேன்?"

அவள் உப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நாக்கில் வைக்கவில்லை.

அதன்பின் வண்டி வரவில்லை. "அவளாலதான்" என்றது ஊர்.

அடுத்த மாரியில் மூக்காயியின் தங்கைக்குப் பிள்ளை பிறந்தது. பால் ஊறவில்லை. பிள்ளை முதலில் அழுதது. பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடந்தது.

மூக்காயி கடப்பாரையோடு ஓடினாள். முதல் சரிவில் குழிகள். இரண்டாம் சரிவில் குழிகள். மூன்றாம் சரிவில் கொடிகள் இடுப்பளவு வளர்ந்து நின்றன. எல்லாவற்றிலும் நூல்.

கடப்பாரையை ஓங்கினாள். நூலைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

"கூ" என்றாள். பதில் இல்லை. மறுபடி "கூ" என்றாள். பதில் இல்லை. மூன்றாம் முறை அவள் கூவியது அழுகைபோல இருந்தது.

குடிசையில் இருந்த சிலம்பாயிக்கு மூன்றும் கேட்டன. வாய் திறந்தாள். நெடுநாள் பேசாத தொண்டையில் சத்தம் எழும்பவில்லை. அதனால் எழுந்து நடந்தாள்.

மூக்காயி நிமிர்ந்தபோது எதிரே அவள் நின்றிருந்தாள், குட்டைச் சேலையோடு.

"தங்கச்சிக்குப் பால் இல்லக்கா."

சிலம்பாயி குனிந்து நூலை அவிழ்த்தாள். ஓரமாகத் தோண்டி, முற்றிய கிழங்குகளை மட்டும் எடுத்தாள். தலையை மண்ணுக்குள் வைத்து மூடினாள். பிறகுதான் குரல் வந்தது.

"யாருக்குன்னு கேட்டியே. எனக்கும் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

பிள்ளை பிழைத்தது. பெண்கள் சிலம்பாயியிடம் கொடித்தலைகள் வாங்கிப்போய் மற்ற இரண்டு சரிவுகளிலும் நட்டார்கள். ஓரக் கிழங்கு மட்டும் எடுத்தார்கள். வேறெந்த மலையிலும் கிழங்கு மிஞ்சாததால் வண்டிக்காரன் திரும்பி வந்து, கிடைத்த கொஞ்சத்துக்கு நிறைய உப்பு கொடுத்தான்.

மாலையில் இறங்கும்போது பெண்கள் இப்போது அவளையும் சேர்த்துக் கூவுகிறார்கள். அவள் பதில் கொடுக்கிறாள். ஆனால் எப்போதும் சற்றுத் தாமதமாகத்தான் வரும் அந்தக் குரல். கூப்பிட்டது தன்னைத்தானா என்று ஒரு கணம் நின்று கேட்டுவிட்டு வருவதுபோல.

ஆகவே கேட்டவர்களே, மருந்து தரும் வேரை எடுக்கிறவர், இன்னாரென்று தெரியாத ஒருத்திக்காக ஒரு பங்கை மண்ணிலேயே விட்டுவைக்க வேண்டும்.