பேசிய ஆமையும் பேசாத பெரணியும்

கடலுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்கிறதென்று யாருக்குமே தெரியாத ஒரு காலத்தில், நாச்சி என்றொரு ஓடக்காரி இருந்தாள். தேனெடுக்கத் தீவுக்குப் போன அவள் புருஷன் கடம்பனை ஒரு மந்திரவாதி உருமாற்றிவிட்டான்.

துடுப்பும் கத்தியுமாகத் தேடிப் போன நாச்சிக்குத் தீவின் வனதேவதை ஒரு சங்கு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். "கரையில் ஒரு பங்குனி ஆமை, மரத்தில் படர்ந்த ஒரு கொடிப்பெரணிச் செடி. ஒன்று உன் புருஷன், மற்றது மந்திரவாதி. எது எதுவென்று சொல்லமுடியாமல் என் வாயைக் கட்டிவிட்டான். புருஷன்மேல் ஊற்றினால் மீள்வான். தண்ணீர் ஒரு தடவைக்குத்தான்."

ஆமை கண்ணீர் வடித்தது. "நாச்சி, நான்தான் புள்ள!" கடம்பனின் அதே குரல்!

சாய்த்த சங்கைச் சட்டென்று நிமிர்த்தினாள். நம்பலாமா, வேண்டாமா? கரையேறுகிற ஆமை எல்லாமே அழத்தானே செய்கிறது?

"நம்ம நாய் பேரு?"

"கரிச்சான்."

பெரணி இலையசைத்தது. நம்பலாமா, வேண்டாமா?

"எனக்குப் பிடிக்காத மீன்?"

"கெளுத்தி."

பெரணி இலையசைத்தது. நம்பலாமா, வேண்டாமா?

"கல்யாணத்தன்னிக்கு என் காதுல என்ன சொன்ன?"

"பசிக்குதுன்னேன்."

பெரணி அதற்கும் இலையைத்தான் அசைத்தது. ஆமையின் பதில் எல்லாமே சரி, ஆனால் மந்திரவாதி அவள் மனசையே படித்துச் சொல்லியிருந்தால்?

ஆமை தன் ஓட்டைத் தானே சுமக்கிறது. பெரணியோ அடுத்த மரத்தைச் சுற்றி ஏறி, அதன் வெயிலையும் பிடுங்கிக்கொள்கிறது. நாச்சியின் சந்தேகம் பெரணிமேல் திரும்பியது. ஆனால், வாயில்லாதது வேறெப்படிப் பதில் சொல்லும்?

"இன்னுமா சந்தேகம்? கிட்ட வந்து என் தலையத் தொட்டுப் பாரு!"

ஓர் அடி வைத்தாள். பெரணி அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது.

"பாத்தியா! அவன்தான் அது! வெட்டு புள்ள, வெட்டு!"

கத்தியை ஓங்கினாள். கொடி அவளை இறுக்கவில்லை. பின்னால் மட்டும் இழுத்தது. ஏன் பின்னால்? துடுப்பை முன்னால் ஊன்றிப் பார்த்தாள். அது மணலுக்குள் இறங்கிக்கொண்டே போனது. முட்டைக்குழியை மூடுவதுபோல் ஆமை மூடிவைத்த படுகுழி!

திரும்பினாள். சங்கைப் பெரணிமேல் கவிழ்த்தாள். சுருண்ட இலைகள் விரிந்தன. அவள் காலைப் பிடித்தபடி கடம்பன் மண்டியிட்டிருந்தான்.

ஆமை உறுமிக்கொண்டு பாய்ந்தது. அதன் குழியே அதை விழுங்கியது. கட்டு அவிழ்ந்த வனதேவதை, தீவின் தேன் முழுவதையும் அவர்களுக்கே தந்தாள்.

ஓடத்தில் நாச்சி மெதுவாகக் கேட்டாள். "கத்திய ஓங்கினேனே மச்சான், பயந்தியா?"

"பயந்தேன்."

"அப்புறம் ஏன் விடல?"

"விட்டா நீ விழுந்துடுவியே."

நாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு துடுப்புப் போட்டாள். ஊர் சேர்ந்து நெடுநாள் நன்றாக வாழ்ந்தார்கள். கதை கேட்ட நீங்களும் அப்படியே வாழுங்கள்.