பாதி ஆரஞ்சின் பசி

மரமும் மனுஷரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஸ்பெயின் தேசத்தின் தெற்கே ஒரு துறைமுக ஊர் இருந்தது. அங்கே தெருவெல்லாம் ஆரஞ்சு மரம். பழம் என்றால் அப்படி ஒரு தித்திப்பு, தேன் தோற்றது போங்கள்!

அந்த ஊரில் காதலுக்கு ஒரு கட்டுப்பாடு. பெண் வீட்டுக்குள் சன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்க வேண்டும், பையன் தெருவில் நிற்க வேண்டும். கல்யாணம் வரை அவ்வளவுதான். பேச்சிலும் கட்டுப்பாடு உண்டு. 'தே கியேரோ' என்று தினமும் சொல்லிக்கொள்ளலாம். 'நீ எனக்கு வேண்டும்' என்று அர்த்தம். 'தே ஆமோ' என்பது பெரிய சொல். உயிரையே எடுத்துக் கையில் கொடுக்கிற காதலுக்கு உரியது. அதைக் கல்யாணத்துக்கென்று பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கசில்தா ஒரு கொல்லனின் மகள். ஹசிந்தோ என்ற மாலுமிதான் அவளுடைய நோவியோ, அதாவது காதலன். அப்பன் கொல்லனாயிற்றே, சன்னல் கம்பியை எவ்வளவு நெருக்கி அடித்திருப்பான்! கை நுழையும், அதற்கு மேல் ஒன்றும் நுழையாது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் ஹசிந்தோ வந்து நின்றுவிடுவான்.

ஒருநாள் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"விடிந்தால் கப்பல் கிளம்புகிறது கசில்தா. கடலுக்கு அந்தப் பக்கம். போவதற்கு முன்னால் அந்தப் பெரிய சொல்லை..."

அவள் சட்டென்று கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். "இப்போது வேண்டாம். திரும்பி வந்து சொல்லு. அதைச் சொல்லவாவது வருவாய் இல்லையா?"

சொன்னாளே தவிர, அவன் திரும்பி வராமலே போய்விட்டால் என்ற பயம் அவளுக்கு. வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? முற்றத்துக்கு ஓடி ஒரு ஆரஞ்சைப் பறித்து வந்தாள். முழுப் பழம் கம்பிக்குள் நுழையவில்லை. கத்தியை எடுத்தாள்.

"அடிப் பெண்ணே, வெட்டாதே!" முற்றத்து மரம் பதறியது. "என் பழத்தை இரண்டு பேர் பங்கு போட்டால் இருவருக்கும் தீராப் பசி பிடிக்கும். மறுபடி இருவரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது அடங்கும். இல்லையென்றால் ஒருவர் மூச்சு அடங்கும்போதுதான் மற்றவர் பசி அடங்கும்."

"பிடிக்கட்டும்," என்றாள் கசில்தா. "பசித்தவன் வேறு எங்கே போவான்? வீட்டுக்குத்தானே வருவான்."

வெட்டிவிட்டாள். ஒரு பாதியை அவன் தின்றான், மறு பாதியை இவள் தின்றாள். விடிந்ததும் கப்பல் போய்விட்டது.

அன்றைக்குப் பிடித்தது பசி. ரொட்டி தின்றாள், மீன் தின்றாள், பானையோடு சூப்பைக் குடித்தாள். வயிறு 'இன்னும், இன்னும்' என்றது. "இந்தப் பெண்ணுக்கு என்ன கேடு!" என்று பக்கத்து வீட்டுக்காரி செசிலியா தலையில் அடித்துக்கொண்டாள். கசில்தாவுக்கோ அந்தப் பசிதான் ஆறுதல். 'எனக்குப் பசிக்கிறது. அப்படியானால் அவன் உயிரோடு இருக்கிறான்' என்று வயிற்றைத் தடவிக்கொள்வாள். சாயங்காலம் சன்னலில் நின்று ஆளில்லாத தெருவைப் பார்ப்பாள். அவன் வரவில்லை. மரம் எத்தனையோ தரம் பூத்துக் காய்த்தது. அப்போதும் வரவில்லை. அவளுக்கு ஏக்கம் தாங்காது. ஆனாலும் பசி இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

ஒரு காலையில் ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். வயிறு நிறைந்துவிட்டது.

"அப்பாடா, பெண்ணுக்குக் குணமாகிவிட்டது!" என்று செசிலியா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிக்காத குறையாகக் கொண்டாடினாள். கசில்தா கையில் மிச்ச ரொட்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து சன்னலுக்கு ஓடினாள்.

"தே ஆமோ!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "தே ஆமோ, மி மெதியா நாரன்ஹா! என் பாதி ஆரஞ்சே, அன்றைக்கே உன்னைச் சொல்ல விட்டிருக்கலாமே! பாவி நான், வாயைப் பொத்திவிட்டேனே!"

முற்றத்துக்கு வந்து மரத்தைக் கட்டிக்கொண்டாள். "எனக்கு என் பசியைத் திருப்பிக் கொடு. வேறொன்றும் வேண்டாம்."

மரத்தால் அது முடியாது. "இனி என் பழத்தை யாரும் இப்படிப் பங்கு போட வேண்டாம் தாயே," என்று சொல்லி, தன் தித்திப்பையெல்லாம் வேருக்குள் இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்துத் தெரு மரங்களும் அப்படியே செய்தன. அதற்குப் பிறகு எந்த மரமும் மனுஷரோடு பேசவில்லை.

அந்த ஊர்த் தெரு ஆரஞ்சு வாயில் வைக்க முடியாமல் கசப்பது அன்று முதல்தான். உயிருக்கு உயிரானவரை ஸ்பானிய மொழிக்காரர்கள் 'என் பாதி ஆரஞ்சே' என்று கூப்பிடுவதும் அன்று முதல்தான்.