மாரி மரத்தின் சிவப்புக் கோடுகள்

மரமும் பறவையும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் காட்டில் மாரி என்றொரு மரம் இருந்தது. இப்போது அந்த இனம் முழுவதற்கும் அதுதான் பெயர். அப்போதெல்லாம் மாரியை அறுத்தால் பலகை தேன் நிறத்தில், ஒரு கோடுகூட இல்லாமல் இருக்கும்.

அந்தக் காட்டுக்கு மரம் அறுக்க வருகிறவள் ஐடா என்ற தச்சுக்காரி. கேட்காமல் எந்த மரத்திலும் ரம்பம் வைக்க மாட்டாள். வயதான மரமாகப் பார்த்து, என்னவாகப் போக ஆசை என்று விசாரிப்பாள். ஜாரா மரம், தண்ணீரில் நின்றாலும் தான் மக்க மாட்டேன் என்று சொல்லிக் கப்பல்துறைக்குத் தூணாகப் போனது. நெடுநெடுவென்று வளர்ந்திருந்த காரி மரம் பாலத்துக்குப் போனது. மாரி மட்டும் பல வருஷம் யோசித்தது. கடைசியில், ஒரு வீட்டுக் கூரையைத் தாங்கும் விட்டமாக வேண்டும் என்றது. ஐடாவுக்குச் சந்தோஷம். தான் கட்டப்போகும் வீட்டுக்கே அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் மாரியின் பொந்தில் ஒரு கருங்கொண்டைக்கிளி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பறந்த பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

குஞ்சு பொரித்த பத்தாம் நாள் காடு பற்றிக்கொண்டது. கங்காருக்கள் ஓடின, பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. தாய்க்கிளி மட்டும் பொந்தின் வாயில் உட்கார்ந்திருந்தது.

“நீயாவது போய்விடு” என்றது மாரி.

“இதுக்கு இன்னும் இறகே முளைக்கலை, மாரியக்கா. இதை விட்டுட்டு நான் எங்கே போவேன்?”

மாரியின் பட்டைக்குள் பிசின் இருந்தது. காயம் பட்டால் மூடிக்கொள்ள அது சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வைத்திருந்தது. அதை மொத்தமாக மேலே ஏற்றினால் பொந்தை அடைத்துவிடலாம். ஆனால் கட்டை உள்ளுக்குள் வெடிக்கும். வெடித்த கட்டை விட்டத்துக்கு ஆகாது. மாரி கொஞ்ச நேரம் தயங்கியது உண்மைதான். பிறகு தாயை உள்ளே குஞ்சிடம் போகச் சொல்லிவிட்டு, வேரிலிருந்து பிசினை உந்தி ஏற்றியது. ஏறும் வழியெல்லாம் கட்டை கிழிந்தது. சிவந்த பிசின் பொந்தின் வாயில் வழிந்து, மூச்சுக்கு ஒரு சிறு துளை மட்டும் விட்டு இறுகியது.

தீ மாரியின் பட்டையைக் கரித்து, ஒரு பெரிய கிளையை முறித்துப் போட்டுவிட்டுக் கடந்து போனது. தரை ஆறியதும் தாய்க்கிளி அலகால் பிசினைக் கொத்தி உடைத்தது. குஞ்சு பசிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தது.

ஐடா ஓடி வந்தபோது மாரி எதையும் மறைக்கவில்லை.

“இனி நான் விட்டத்துக்கு ஆகமாட்டேன், ஐடா. உன் கூரை என்னால் விழக் கூடாது.”

அவள் கரிந்த பட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டாள். பிறகு முறிந்த கிளையை மட்டும் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வீட்டில் அதை அறுத்தபோது தேன் நிறத்தின் நடுவே சிவந்த கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. சாயம் பூசி மறைத்துவிடலாம் என்றார் அவள் கணவர். அவள் சம்மதிக்கவில்லை. கோடுகள் தெரியும்படியே இழைத்து, சாப்பாட்டு மேசை செய்தாள்.

குஞ்சுக்கு இறகு முளைத்த சமயத்தில், மேசையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக ஐடா வந்தாள். மேசை எதைத் தாங்கும் என்று மாரி கவலையோடு கேட்டது.

“சூப்புக் கிண்ணத்தைத் தாங்கினால் போதும்” என்றாள் ஐடா. “பிள்ளைகள் அந்தக் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். எப்படி வந்தது என்று தினமும் கேட்கிறார்கள். நானும் தினமும் சொல்கிறேன்.”

அன்று முதல்தான் மாரி இனத்துக் கட்டையில் சிவந்த பிசின் கோடுகள் ஓடுகின்றன. அதை விட்டத்துக்குத் தேடாமல், வீட்டில் எல்லோரும் சுற்றி உட்காரும் மேசைக்குத் தேடுகிறார்கள்.